வழுக்கியாற்றில் தடியோடு நின்ற பரமண்ணை

கைத்தொலைபேசி அடித்தபோது நான் நல்லூரடியில் மரக்கறிக்காரியோடு முருங்கைக்காய் முற்றலா இல்லையா என்று சண்டை பிடித்துக்கொண்டு நின்றேன். திரையில் பரமண்ணையின் மகள் 'நிவேதா' என்று பெயர் விழுந்தது. அந்தப் பிள்ளை எனக்கு அழைப்பு எடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. "புவனம் அன்ரி, அப்பா மோசம் போயிட்டார். விடியப்பறம் நெஞ்சு நோகுதெண்டவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதல்..." என்றாள்.   "வாறன் பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். மரக்கறிக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சண்டையைப் பேந்து பிடிப்பம் அக்கா, நீங்கள் போங்கோ" என்றாள்.

பரமலிங்கம் என்பது கந்தோர்ப் பதிவில் இருந்த பெயர். எங்களுக்கெல்லாம் அவர் பரமண்ணை. கமநல சேவை நிலையத்தில் அவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர், குளங்களும் வாய்க்கால்களும் அவருடைய பொறுப்பு. நான் அங்கே எழுதுவினைஞர். அவர் ஓய்வு பெறும்வரை எங்கள் மேசைகள் அடுத்தடுத்து இருந்தன. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடுகிற நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி அவர் மனைவி கமலாக்கா கேட்டார். "நல்லதா எழுது புவனம்" என்றும் சொன்னார். நல்லதாகத்தான் எழுதுவேன். ஆனால், 'இன்முகம் காட்டி, இல்லாதோர்க்கு ஈந்து' என்று மலர்களில் வழமையாக வருகிற எழுத்து என் கைக்கு வராது. அவரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் அவர் ஆற்றில் மீன் பிடித்தது தெரியும். அதனால் மகளின் கலியாணப் பேச்சு குழம்பியதும் தெரியும். குழம்பிய கதையில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மற்றப் பாதியில் நான் நிற்கிறேன். அந்தப் பிள்ளை என்னை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது இத்தனை காலமும் என் நெஞ்சைக் கிடந்து அரித்தது. செத்தவீட்டுக்குப் போன வழி முழுக்க எனக்கு அந்த நினைவுதான். போனவரைக்கூட நினைக்கவில்லை.

தடி வந்த கதையை முதலில் சொல்லவேண்டும். கமலாக்காவின் தம்பி நோர்வேயில் இருக்கிறார். அங்கே மலைகளுக்கு நடுவே ஓடும் சின்னச் சின்ன ஆறுகளில் மீன் பிடிப்பது அவருக்கு ஒரு பைத்தியம். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர், மூன்றாய் மடிக்கிற ஒரு தடியையும் ஒரு சின்னப் பெட்டியையும் கொண்டுவந்தார். அத்தான்காரன் வீட்டுக்குப் பக்கத்தில் ஆறு ஓடுகிறது என்று அங்கே இருந்தே கணக்குப் போட்டிருக்கிறார். ஆவணி வெயிலில் இரண்டு பேரும் தடியோடு போனார்கள். "அத்தான், ஆறு எங்கை?" என்று தம்பி கேட்க, "நீ அதுக்குள்ளைதானே நிக்கிறாய்" என்றாராம் பரமண்ணை. சுற்றிவரப் புல்லும் நாலு மாடும்தான் நின்றன. எங்கள் வழுக்கியாற்றுக்கு மழை பெய்தால்தான் தான் ஒரு ஆறு என்பது நினைவுக்கு வரும். பிறத்தியாருக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது? தம்பி தடியையும் பெட்டியையும் அத்தானிடமே விட்டுவிட்டு விமானம் ஏறினார்.

ஐப்பசி மழைக்கு ஆறு ஓடத் தொடங்கியதும் பரமண்ணை பெட்டியைக் கந்தோருக்குக் கொண்டுவந்து மேசையில் திறந்து வைத்தார். உள்ளே பித்தளையிலும் வெள்ளியிலும் சின்னச் சின்னத் தகடுகள். ஒவ்வொன்றும் ஒரு கம்பியில் கோத்திருந்தது, கம்பியின் நுனியில் மூன்று முள்ளுள்ள தூண்டில். இழுத்தால் தகடு தண்ணீருக்குள் சுழன்று மினுங்கும், மீன் அதைக் குஞ்சு மீன் என்று நினைத்துப் பாயும் என்று விளக்கம் வேறு. இரை கிடையாது, புழு கிடையாது. "அண்ணை, இது பிள்ளையளுக்குக் காட்டுற கிலுக்கெல்லோ?" என்று நான் கேட்டேன். கந்தோர் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அந்தத் தகடுகளுக்குக் கிலுக்கு என்றே பெயர் விழுந்துவிட்டது. பரமண்ணையும் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார். இப்படிச் சின்ன விசயங்களில் அந்த மனிதருக்கு வீம்பு இருந்ததில்லை.

முதல் மீன் ஒரு விரால். மதகடியில், கோரைப் புல்லுக்குள் இருந்து பாய்ந்து வந்து தகட்டைக் கவ்வியதாம். அதைச் சொல்லும்போது எழும்பி நின்று எறிந்து காட்டுவார், பல வருடங்கள் கழித்துச் சொன்னபோதும் காட்டினார். மீனைக் கரையில் போட்ட பிறகுதான் அன்று வெள்ளிக்கிழமை என்பது நினைவுக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமையில் கமலாக்காவின் குசினிக்குள் மீன் என்ற சொல்லே போகாது. அதுவும் கந்தசஷ்டி தொடங்குகிற கிழமை. இவர் என்ன செய்வார்? தூண்டிலைக் கழற்றி, மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டார். அது உடனே ஓடவில்லையாம். கையைத் தொட்டபடி கொஞ்ச நேரம் நின்று, பிறகு வாலை ஒருதரம் அடித்துவிட்டுப் போனதாம். "புவனம், அந்த அடியிலை என்ரை சட்டை முழுக்கச் சேறு. எனக்கு வந்த சந்தோசத்தை என்னெண்டு சொல்ல!" என்றார். அதன்பிறகு சனிக்கிழமை பிடித்தாலும் ஞாயிற்றுக்கிழமை பிடித்தாலும் அவர் மீனை விட்டுவிடுவார். விட வசதியாக இருக்கட்டும் என்று தூண்டில்களில் மீன் கழராமல் பிடிக்கிற எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கியும் வைத்திருந்தார்.

அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. அவரை அறிந்தவர்களுக்கு என்னையும் கொஞ்சம் தெரியும். நான் மயிலிட்டி. என்னைப் பெற்ற ஐயா வள்ளத்தில் கடலுக்குப் போனவர், அவரைப் பெற்ற அப்புவும் போனவர். ஊரை விட்டு எழும்பி வந்து அகதியாய் அலைந்த காலத்திலும் ஐயா கடற்கரையைத் தேடித் தேடித்தான் கொட்டில் போட்டார். எங்களுக்கு மீன் என்றால் சோறு. அதைப் பிடித்து, மினுக்கி, முத்தம் கொடுக்காத குறையாய்த் திருப்பி விடுவதென்றால் என்ன அர்த்தம்? "அண்ணை, பசிக்குப் பிடிச்சால் அது தொழில். பிடிச்சுப்போட்டு விட்டால் அது சேட்டை. மீனுக்கு வாய் கிழிஞ்சதுதான் மிச்சம். சோத்தோடை விளையாடாதேங்கோ" என்று கந்தோரில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். அவர் கோவைகளைப் புரட்டத் தொடங்கினார். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி, "நீர் சொன்னதிலை நியாயம் இருக்கு. நான் யோசிக்கிறன்" என்றார். யோசித்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வழக்கு எங்களுக்குள் கடைசிவரை தீராமலே ஓடியது.

ஒருமுறை வாய்க்கால் பார்க்கப் போன கந்தோர்ப் பயணத்தில் அவர் எறிவதை நேரில் கண்டேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். தகடு எதிர்க்கரையோரம் ஓசையில்லாமல் விழுந்தது. தங்கூசி நூல் ஒரு விரலில் தொட்டபடி இருக்க, மெல்ல மெல்லச் சுற்றினார். கந்தோரில் ஓயாமல் கதைக்கிற மனிதர் அங்கே நூலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கைப்பிடியில் ஒரு சின்ன அதிர்வு இருந்தது. "உதுதான் தகடு சுழலுறது. தண்ணி நல்லா ஓடுற இடத்திலை அது தன்ரை பாட்டிலை சுழலும். இழுக்கிறவன் அவசரப்பட்டானெண்டால் மேலை வந்திடும், சோம்பினானெண்டால் சேத்திலை புதைஞ்சிடும்" என்றார். அன்று மாலை முழுக்க அகப்பட்டது ஒரு பொலித்தீன் பைதான். "கடல் வத்தக் கருவாடு தின்னலாமெண்டு நிண்ட கொக்கு மாதிரி நிக்கிறியள்" என்றேன். "கொக்குக்கு அவசரம் இல்லையெல்லோ" என்று சிரித்தார். அந்தப் பையைக் கழுவி மடித்து மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

இனி அந்தக் கலியாணக் கதை. நிவேதா கம்பஸில் படித்தபோது பழகிய பொடியன். கரவெட்டிப் பக்கம், நல்ல வேலை, பார்க்கவும் வடிவு. இரண்டு பேரும் தங்களுக்குள் முடிவெடுத்துவிட்டுத்தான் வீடுகளில் சொன்னார்கள். சாதகமும் பொருந்தியது. பெண் பார்க்கிற முறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் வருவதாகப் பேச்சு. பலகாரம் சுட என்னையும் வரச் சொல்லியிருந்தார் கமலாக்கா. நான் விடியவே போய்விட்டேன். "இண்டைக்காவது ஆத்துப் பக்கம் போகாதேங்கோ" என்று கமலாக்கா கெஞ்சினார். "சும்மா தண்ணியைப் பாத்திட்டு வாறன்" என்று போனவர் தடியையும் கொண்டுபோய்விட்டார். வந்தவர்களோ பின்நேரம் இராகுகாலம் குறுக்கிடுகிறது என்று மத்தியானத்துக்கு முதலே புறப்பட்டிருக்கிறார்கள். பாலத்தடியில் வானை நிற்பாட்டி, சேறும் தண்ணீருமாய் நின்ற ஒருவரிடம் "பரமலிங்கத்தாரின்ரை வீடு எது?" என்று கேட்டிருக்கிறார் மாப்பிள்ளையின் பெரியப்பா. "நேரை போய் வைரவர் கோயிலடியிலை திரும்புங்கோ. நீலக் கேற். போய் இருங்கோ, நானும் வாறன்" என்று அந்த மனிதர் சொன்னதைக் கேட்டு அவர்கள் வானுக்குள் சிரித்தார்களாம். மீன்காரனும் விருந்துக்கு வாறானாம் என்று!

பரமண்ணை குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி விறாந்தைக்கு வந்ததும் பெரியப்பாவின் முகம் போன போக்கை நான் குசினிக் கதவால் கண்டேன். "ஆத்துக்குள்ளை நிண்டது நீங்கள்தானோ?" என்று கேட்டார். "ஓம், வழி சொன்னதும் நான்தான். பிழையாச் சொல்லேல்லையே?" என்றார் பரமண்ணை. கமலாக்கா பாய்ந்து விழுந்து, "அது சும்மா பொழுதுபோக்கு. தம்பி நோர்வேயிலை இருந்து கொண்டுவந்து குடுத்தது. பிடிச்சாலும் விட்டிடுவார்" என்றார். நோர்வே என்றதும் பெரியப்பாவின் முகம் தெளிந்தது. "அதுதானே பாத்தன். எங்கடை ஆக்கள் உப்பிடி மீன் பிடிக்க இறங்கமாட்டினமே" என்று சிரித்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு வந்து, பெரியப்பாவுக்கும் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளைக்கும் நீட்டினேன். பெரியப்பா கோப்பையை எடுத்துக்கொண்டு, "இவ?" என்றார். "என்னோடை வேலை செய்யிறவ" என்றார் பரமண்ணை. "எந்த இடம் பிள்ளை?" "மயிலிட்டி." "மயிலிட்டியிலை எவடம்?" "துறையடி." எங்கள் ஊரில் இந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்பது குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். நான் ஒருநாளும் சுற்றி வளைத்து மறுமொழி சொன்னதில்லை. அவர் கோப்பையை முக்காலியில் வைத்துவிட்டார். வைத்துவிட்டு என்னைப் பாராமல் பரமண்ணையைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப, சொந்தமோ?"

ஆற்றில் நின்ற ஆளையும் துறையடிப் பெண்ணையும் அவர் மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டார். இல்லை, கந்தோரில் தெரிஞ்சவ, அவ்வளவுதான் என்று ஒரு வசனம் போதும். பொய்யும் இல்லை, எனக்கு அவமரியாதையும் இல்லை. அதைச் சொல்லுங்கோ அண்ணை, சொல்லுங்கோ என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். பரமண்ணை முக்காலியில் இருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு, "ஓம். என்ரை தங்கச்சி" என்றார். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ." யாரும் குடிக்கவில்லை. சுட்ட பலகாரம் சுட்டபடி கிடந்தது. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிக் கதைத்தார்கள், வெங்காயத்தைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு யோசிச்சுச் சொல்லுறம் என்று எழும்பிப் போனார்கள். யோசித்தார்களோ இல்லையோ, சொல்லவே இல்லை.

வான் படலை தாண்டியதும் நான் அவர்மேல் விழுந்தேன். "உங்களுக்கென்ன விசரே? ஆர் உங்களை எனக்காக வக்காலத்து வாங்கச் சொன்னது? நானென்ன புதுசா உதைக் கேக்கிறன்? பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சுமே? பிள்ளையின்ரை வாழ்க்கையெல்லோ! ஏன் பொய் சொன்னனீங்கள்?" என்று கத்தினேன். கத்தியபடியே அழுதேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பரமண்ணை தானும் குடிக்காமல் ஆறவிட்ட தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். "அவர் குடிச்சுக்கொண்டு கேட்டிருந்தால் நான் கந்தோரெண்டு சொல்லியிருப்பன், புவனம். கோப்பையை வைச்சுப்போட்டெல்லோ கேட்டவர். அதுக்குப் பிறகு இல்லையெண்டு சொன்னால், நான் என்னத்தை இல்லையெண்டு சொல்லுறன்?" என்றார். நான் அவர் கையில் இருந்த வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனேன்.  அறைக்குள் நிவேதா அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. ஒரு கிழவன் என்னை மதிப்பதற்காக ஒரு குமர்ப்பிள்ளையின் ஆசை உடைந்தது என்றால், அந்த மதிப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? நிவேதா வவுனியாவில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தகப்பனோடு சில மாதங்கள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் அழைப்பு எடுத்தால் எடுக்கமாட்டாள். ஊரும் சும்மா இருக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மீன் பிடிக்கப் போய் மகளின் கலியாணத்தைத் தண்ணீரில் விட்டவர் என்றார்கள். அந்த மாரி முழுக்கப் பரமண்ணை ஆற்றுக்குப் போகவில்லை. கந்தோருக்கு வருவார், வேலையைச் செய்வார், போவார். அவருடைய கலகலப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

அடுத்த மாரியும் ஆறு ஓடத் தொடங்கியது. இவர் அசையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, ஒரு சனிக்கிழமை நேரே வீட்டுக்குப் போனேன். "எழும்புங்கோ அண்ணை. தடியை எடுங்கோ. இண்டைக்கு நான் எறியப் போறன்" என்றேன். கமலாக்காவே உள்ளே போய்த் தடியை எடுத்து வந்து கொடுத்தார். நான் எறிந்த முதல் எறி தாழம் பற்றைக்குள் போய் மாட்டியது. இரண்டாவது என் சேலைத் தலைப்பிலேயே கொழுவியது. "கடற்கரை ஆக்களெண்டு பெரிய கதை கதைக்கிறீர்!" என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாதக்கணக்கில் காணாத சிரிப்பு. பின்நேரம் ஆகும்போது மதகடியில் தடி வளைந்தது. ஐயோ, அந்த இழுவை! ஐயாவின் கை என் கைக்குள் வந்த மாதிரி இருந்தது. ஒரு முழத்துக்குக் குறையாத விரால். பரமண்ணை தண்ணீரில் இறங்கி, தூண்டிலைக் கழற்றி, விடுவதற்கு என் முகத்தைப் பார்த்தார். "விட்டியளெண்டால் தெரியும்! தாங்கோ இஞ்சை" என்று பறித்துப் பைக்குள் போட்டேன்.

அதை எங்கள் முறைப்படி குழம்பு வைத்து மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். குளத்து மீனும் ஆற்று மீனும் சேற்று மணம் என்று மூக்கைச் சுளிக்கிற வீடு அது. பரமண்ணை சோறு போட்டுக் குழைத்துச் சாப்பிட்டார். தான் இத்தனை காலமும் பார்த்துப் பார்த்து விட்ட மீனை அவர் வாயில் வைத்தது அன்றைக்குத்தான். இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டார். "உம்மடை ஆக்களுக்கும் எங்கடை ஆக்களுக்கும் என்ன வித்தியாசமெண்டு இப்பதான் கண்டன். புளி. நீங்கள் கூடப் போடுறியள்" என்றார். கமலாக்கா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினார். நான் அப்போது நிவேதாவைப் பற்றிக் கேட்டேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, "இப்ப என்னோடை கதைக்கிறாள். உம்மோடை கதையெண்டு நான் சொல்லமாட்டன். சொன்னால் தேப்பனுக்காகக் கதைக்கிறதாப் போயிடும். அது அவளுக்குத் தானா வரவேணும்" என்றார். அதன்பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அவர் ஓய்வு பெற்றார், நானும் பெற்றேன். ஒவ்வொரு மாரிக்கும் ஒருதரமாவது போய்க் கரையில் இருந்து அவரோடு வழக்காடிவிட்டு வருவேன்.

செத்தவீட்டில் நான் முற்றத்துப் பந்தலில், கந்தோர் ஆட்களோடு, கதிரை வரிசையின் கடைசியில் இருந்தேன். உள்ளே போய் முகத்தை ஒருதரம் பார்த்தேன். கமலாக்கா என்னைக் கட்டிப்பிடித்துக் குழறினார். நிவேதா தகப்பனின் தலைமாட்டில் தலை குனிந்தபடி இருந்தாள், நிமிரவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன். குருக்கள் கிரியையைத் தொடங்கி, திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடித்து, எல்லாம் ஒழுங்காய் நடந்தது. வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. உரித்துள்ள பெண்கள் ஒவ்வொருவராய்ப் போனார்கள். "சகோதரியள் இருந்தால் வாங்கோ" என்று குருக்கள் குரல் கொடுத்தார். "அவருக்குப் பெண் சகோதரம் இல்லை ஐயா" என்றது உள்ளே ஒரு குரல். நான் என் காலடியில் இருந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கதிரைகளுக்கு நடுவால், தலை விரிந்தபடி, நிவேதா வந்தாள்.  என்ன சொல்லப் போகிறாளோ, சனத்துக்கு முன்னால் என்னை என்ன கேட்கப் போகிறாளோ என்று பயந்தேன்.

"மாமி, எழும்பி வாங்கோ. அப்பாவுக்கு அரிசி போடவேணும்" என்றாள். தொலைபேசியில் அன்ரி என்றவள், இப்போது தகப்பனின் சகோதரியை அழைக்கிற முறையில் மாமி என்றாள்.

"பிள்ளை, என்னிலை உனக்குக் கோவமில்லையோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்கிற இடமா அது? ஆனால் வாய் நிற்கவில்லை.

அவள் என் கையைப் பிடித்தாள். "அண்டைக்கு நான் கதவுக்குப் பின்னாலை நிண்டனான், மாமி. என்னைக் கட்ட இருந்தவர் தன்ரை கோப்பையைத் தூக்கினவர். வாயடிக்குக் கொண்டு போனவர். பெரியப்பா குடிக்கேல்லை எண்டதைப் பாத்திட்டுத் திருப்பி வைச்சவர். அதைக் கண்டதுக்குத்தான் அழுதனான். அப்பா மாத்திச் சொல்லியிருந்தால் நான் அதைக் காணாமலே கட்டியிருப்பன். அது விளங்க எனக்குக் கனகாலம் எடுத்தது. விளங்கினதுக்குப் பிறகு உங்கடை முகத்திலை முழிக்க வெக்கமாக் கிடந்தது. வாங்கோ."

நான் எழும்பினேன். அவள் கையை விடவில்லை. விறாந்தையில் இருந்த வயதான ஒரு பெண், உறவுக்காரர், பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்: "உவ ஆர்? என்ன முறை?" அவர் மெல்லத்தான் கேட்டார். நிவேதா நின்று, திரும்பி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "அப்பாவின்ரை தங்கச்சி. அப்பா சொன்னவர்." அந்தப் பெண் விலகி வழி விட்டார். நான் அரிசியை அள்ளினேன். கை நிறைய அள்ளிவிட்டேன், குருக்கள் கொஞ்சம் போதும் என்றார். பரமண்ணையின் வாயில் அரிசியைப் போட்டேன். எப்போதும் என்னோடு வழக்காடிய வாய் அது.

இந்த மலரை வாசிக்கிற உங்களில் சிலருக்கு இதெல்லாம் இங்கே எழுதுகிற சங்கதியா என்று முகம் சுளியும். சுளியட்டும். கமலாக்கா நல்லதாய் எழுதச் சொன்னார், எனக்குத் தெரிந்த நல்லது இதுதான். மீனை விடுவது சரியா பிழையா என்ற எங்கள் வழக்கில் நான் இன்னும் என் பக்கம்தான் நிற்கிறேன். அவருடைய தடியையோ தகடுகளையோ நான் கேட்கவில்லை.

நேற்று விடியக் கோயில் மணி அடிக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் படலையில் வந்து நின்று கூப்பிட்டாள். திருவெம்பாவைக்கு நானும் அவளும் வருடம் தவறாமல் சேர்ந்து போகிறவர்கள். "என்னக்கா, இன்னும் வெளிக்கிடேல்லையோ?" என்றாள். நான் துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு என்றேன். நான் கலியாணம் கட்டாதவள், கலியாணம் கட்டாத சகோதரிக்கு முழுத் துடக்கு. அந்தியேட்டி முடியும்வரை நான் கோயில் வாசல் மிதிக்கமாட்டேன். பரமண்ணையிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதுதான், அதை ஒருநாளும் குறைக்காமல் காக்கிறேன்.

"துடக்கோ? உங்களுக்கு ஆர் இருக்கினம், துடக்குக் காக்க?" என்று அவள் திகைத்துப்போய்க் கேட்டாள்.

"அண்ணை செத்துப்போனார்" என்றேன்.